தட்டில் பிழைத்த என் மகள்

போன ஞாயிறு ஆராதனையில் எங்கள் பெயரை வாசித்தார்கள். “தங்கள் மகளுக்குக் கர்த்தர் சுகம் தந்ததற்காக ஸ்தோத்திரக் காணிக்கை.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் கைத்தடியோடு ஜெனி உட்கார்ந்திருக்கிறாள். சுகமா... யாருக்கு?

ஜெனிக்கு வயது பத்தொன்பது. தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் நோய். மருந்து இல்லை. அவள் தோலில் மிளகளவு கிள்ளி எடுத்து, பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் சின்னக் கண்ணாடித் தட்டில் அந்தச் செல்களை வளர்க்கிறார்கள். வளர்த்து? சூடு வைக்கிறார்கள்; பட்டினி போடுகிறார்கள். செல்களுக்கும் ஸ்ட்ரெஸ் உண்டாம். இவள் செல்கள் அதைத் தாங்காமல் சீக்கிரமே செத்துவிடுகின்றன — நோயின் வேர் அங்கேதான் என்கிறார்கள்.

சில நாள் முன்பு ஆய்வாளர் போன் செய்தார். ஸ்பீக்கரில் நானும் என் வீட்டுக்காரரும் கேட்டோம்.

“புது மருந்து ஒண்ணு போட்டுப் பார்த்தோம்மா. இந்தத் தடவை செல்கள் தாங்கிடுச்சு.”

“மாத்திரை எப்ப சார்?”

“இது தட்டுல மட்டும்தாம்மா. அடுத்து எலி. அப்புறம்தான் மனுஷங்க. வருஷக்கணக்காகும். பலிக்காமலும் போகலாம்.”

நல்ல செய்தி கேட்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. முதல் வாக்கியத்தோடு கிளம்பிவிடுபவர்கள். கடைசி வாக்கியத்தோடு தூக்கத்தைத் தொலைப்பவர்கள். நான் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். என் வீட்டுக்காரரோ நேரே கோயிலுக்குப் போயிருக்கிறார்! காணிக்கைக் கவரில் ‘தட்டில் உள்ள செல்கள்’ என்றா எழுத முடியும்? ‘மகள் சுகம்’ என்று எழுதிவிட்டார்.

ஆராதனை முடிந்ததும் கூட்டம் சூழ்ந்துகொண்டது. பின்வரிசை எஸ்தர் அக்காவுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். “ஏளா ஜெனி, சுகமாயிட்டியாமே! எங்க, கம்ப விட்டுட்டு நட, பாப்போம்!”

நான் வாய் திறப்பதற்குள் ஜெனி தடியை என்னிடம் நீட்டினாள். ஓரடி... இன்னோரடி... அப்படியே என் தோளில் சரிந்தாள். அந்தக் கனம் இன்னும் இறங்கவில்லை.

அவளோ சிரிக்கிறாள். “சுகமானது என் தோல் செல்லு, பெரியம்மா. அது பெங்களூர்ல இருக்கு. நான் இன்னும் இங்கனதான் கெடக்கேன்.”

வீட்டுக்கு வந்ததும் சண்டை. இவருக்குத் துறைமுகத்தில் வேலை, பேச்சும் அப்படித்தான். “கப்பல் கண்ணுல தெரிஞ்சா சந்தோஷப்படக் கூடாதா?”

“தெரிஞ்சாப் போதுமா? கரைக்கு வரணும்லா?”

“ரெண்டு பேரும் அங்கன தள்ளிப் போயி சண்ட போடுங்க,” என்றாள் ஜெனி. “அடுத்து எலிதான? அதுக்கு ஜெபம் பண்ணுங்க.”

விளையாட்டாகத்தான் சொன்னாள். அன்று குடும்ப ஜெபத்தில் இவர் நிஜமாகவே எலிக்காக வேண்டினார். நான் சத்தமாகவே ஆமென் சொன்னேன்.

நேற்று சமையலறையில் ஓர் எலி ஓடியது. பொறியை எடுத்தேன், தேங்காய்த் துண்டும் குத்தினேன்...

வைக்க மனம் வரவில்லை.