சனிக்கிழமைக்குள் ஒரு பெயர்

ஆரானுக்குத் தன் பெயர் பிடிக்காது. அது அவன் மாமனாரின் சித்தப்பா பெயர். அந்த மனிதர் வேட்டைக்குப் போன இடத்தில் மரத்தடியில் தூங்கிப்போனவர். காட்டுப்பன்றிகள் வந்து அவர் காலை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயினவாம். அவரைப் பற்றி எங்கள் ஊர் பா லுங்கானில் மிஞ்சியிருப்பது இந்த ஒரு கதைதான்.

எங்கள் இனத்தில் முதல் குழந்தை பிறந்ததும் அப்பனும் அம்மாவும் பழைய பெயரைக் கழற்றி வைத்துவிட்டுப் புதுப்பெயர் எடுத்துக்கொள்வார்கள். ஊர் கூடும். பன்றி அடிப்பார்கள். ஒலிபெருக்கியில் பெயரைக் கூப்பிடுவார்கள். மகள் பிறந்தபோது அவன் பெயர் லூகுன். பாராம் ஆற்றங்கரையில் ஒரு மரம்வெட்டும் முகாமில் இருந்தான். கிளம்பினான், படகு கிடைக்கவில்லை. விருந்துக்கு வராதவனுக்கு வந்தவர்கள் பெயர் வைப்பார்கள். மாமனார் வந்திருந்தார்.

இருபத்து நான்கு வருஷம் அந்தப் பெயரோடு நடந்தான். நடை என்றால் சும்மா இல்லை. மூருட் மலை மேலிருக்கும் ஜெபக்கூடத்துக்குத் தகரக்கூரை சுமந்தவன். முகாம் மூடிய பிறகு காடு பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டியானான். நான் அவனுடைய ஒன்றுவிட்ட தம்பி. அவன் முன்னால் நடப்பான், நான் அரிசியும் பாத்திரமும் சுமந்துகொண்டு பின்னால். அவன் பேச்சு நிற்காது. அட்டை கடித்தால் அட்டையைப் பற்றி ஒரு கதை, வழுக்கி விழுந்தால் விழுந்ததைப் பற்றி ஒரு கதை. அதில் முக்கால்வாசி அன்றைக்குப் பிறந்தது.

போன ஜூலையில் அவன் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பேரப்பிள்ளை வந்தால் தாத்தா பாட்டிக்கு மறுபடி ஒரு பெயர் உண்டு. அதுதான் கடைசி. அதற்கு மேல் மாற்ற முடியாது, கல்லறையில் எழுதுவதும் அதைத்தான். விருந்து சனிக்கிழமை மதியம் என்று முடிவாயிற்று. ஆரான் தன் பெயரைத் தேர்ந்து வைத்திருந்தான். பலாங். புலி. எங்கள் காட்டில் புலி கிடையாது. அதனாலேயே எல்லோருக்கும் அந்தப் பெயர் மேல் ஆசை.

சிக்கல் இதுதான்: ஒரு வருஷத்துக்கு முன்பே ஒரு டச்சுக்காரி திங்கள் முதல் வெள்ளி வரை அவனைப் பதிவு செய்திருந்தாள். மூருட் ஏறி இறங்க ஐந்து நாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்ல இருக்கணும்" என்றாள் அவன் மனைவி புலான்.

"மத்தியானமே வந்துடுவேன்."

"நீ மத்தியானம்னு சொன்னா ஞாயித்துக்கிழமைன்னு அர்த்தம்."

புலானின் அண்ணன் ராபென்தான் விருந்தில் ஒலிபெருக்கி பிடிக்கிறவன். சர்ச்சில் மூப்பனும் கூட. அவன் வேலிமேல் சாய்ந்துகொண்டு, "மெதுவா வா மச்சான். அவசரமே இல்ல. நீ வரலேன்னா என்கிட்ட ஒரு பேரு இருக்கு" என்றான்.

"என்ன பேரு?"

"சனிக்கிழமை எல்லாருக்கும் தெரியும். உனக்கு ஞாயித்துக்கிழமை தெரியும்."

டச்சுக்காரி பெயர் மரைக்கா. அறுபத்து மூன்று வயது. டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவள். பழைய பாடப்புத்தகம் ஒன்றிலிருந்து தானே மலாய் கற்றுக்கொண்டிருந்தாள். அதனால் பிரசங்கம் போலப் பேசினாள். கால்கள் நன்றாக இருந்தன. அதைப் பார்த்து ஆரான் என்னிடம் கண்ணடித்தான். அவள் பையிலிருந்து தொலைநோக்கியும் மூன்று கால் வைத்த இன்னொரு பெரிய தொலைநோக்கியும் குரல் பதியும் கருவியும் வெளியே வந்தபோது கண்ணடிப்பதை நிறுத்தினான்.

ஊரெல்லைப் பாலம் தாண்டவில்லை, அவள் நின்றுவிட்டாள். புதரில் பழுப்பாக ஏதோ அசைந்தது. நாற்பது நிமிஷம்.

"ஐயா, இது நான் பதினோரு ஆண்டுகளாகக் காத்திருந்த பறவை" என்றாள்.

"இது எங்க வீட்டுக் கொல்லையில தினமும் கத்தும்மா" என்றான் ஆரான்.

"அப்படியானால் திரும்பும்போது உங்கள் கொல்லையையும் பார்க்க வேண்டும்."

எங்கள் தாத்தாக்கள் பறவைக்கு நின்றவர்கள்தான். சென்சிட் என்று ஒரு குருவி, வளைந்த நீள மூக்கு, வாழைப்பூவில் தேன் குடிக்கும். அது பாதையில் தப்பான பக்கம் கத்தினால் பயணம் நின்றுபோகும். தீ மூட்டி உட்கார்ந்து, சரியான பக்கம் கத்தும்வரை காத்திருப்பார்கள். விதைக்கப் போனவர்கள் மூன்று நாள் காட்டிலேயே உட்கார்ந்ததுண்டு. பிறகு பாதிரிகள் வந்தார்கள். இனி எந்தக் குருவிக்கும் நிற்க வேண்டாம் என்றார்கள். நாங்கள் சர்ச்சில் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எந்தப் பக்கம் நல்லது எந்தப் பக்கம் கெட்டது என்று இன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது.

"தாத்தா காசு வாங்காம நின்னாரு" என்றான் ஆரான் என்னிடம். "நாம காசு வாங்கிட்டு நிக்கிறோம்."

முதல் நாள் இருட்டுவதற்குள் சேரவேண்டிய குடிசைக்கு இரண்டாம் நாள் காலை சேர்ந்தோம். இரண்டாம் நாள் மழை. மழையில் பறவை இல்லை. நன்றாக நடந்தாள். ஆரான் மழைக்கு நன்றி சொல்லி ஜெபித்தான். மூன்றாம் நாள் வெயில். பாசி மூடிய மரங்களுக்கு நடுவே ஒரு தீக்காக்கை வந்து உட்கார்ந்தது. அது உட்கார்ந்தது, அவளும் உட்கார்ந்தாள். உச்சிக்குப் போனபோது ஒரே மேகம். அவள் அதைக் கவனிக்கவில்லை. குடுவைச் செடி மேல் நின்ற ஒரு சின்னப் பறவையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழன் இறங்கும்போது ஆரான் விரல்விட்டு மணிக்கணக்குப் போட்டான். முகம் சுருங்கியது. அப்போது ஒரு சென்சிட் வலப்பக்கம் கீச்சிட்டுக்கொண்டு பாதையைத் தாண்டிப் பறந்தது. மரைக்காவின் கை தொலைநோக்கிக்குப் போயிற்று.

"நிக்காதீங்கம்மா!" என்றான் ஆரான்.

"ஏன் ஐயா?"

"எங்கப்பா காலத்து வழக்கம். இந்தக் குருவி வலப்பக்கம் கத்துச்சுன்னா நடந்துகிட்டே இருக்கணும். பொழுது சாயற வரைக்கும் திரும்பிக்கூடப் பாக்கக் கூடாது."

அவள் முகம் மலர்ந்தது. அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. மூன்று மணி நேரப் பாதையை ஒன்றேமுக்கால் மணியில் இறங்கினாள். நான் சட்டிகள் கலகலக்கப் பின்னால் ஓடினேன். ஆரான் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். மலையே அவனுடையது போன்ற சிரிப்பு.

அதோடு விட்டிருக்கலாம். சாயங்காலம் இலையில் பொதிந்த குழைசோறும் டப்பா மத்தி மீனும் சாப்பிடும்போது அவள் குறிப்பேட்டைத் திறந்து, "இடப்பக்கம் கத்தினால் என்ன செய்வார்கள்?" என்று கேட்டாள்.

கேட்கிற ஆள் கிடைத்தால் ஆரானால் வாயை மூட முடியாது. இடப்பக்கம் என்றால் அங்கேயே உட்கார வேண்டும் என்றான். தீ மூட்ட வேண்டும். அது வலப்பக்கம் வந்து கத்தும்வரை ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது. அவன் பெரியப்பா அப்படி எடுத்து வைத்தார், அன்றைக்கே அவர் எருமை தொலைந்தது. எருமைக்கு நிறம்கூடச் சொன்னான். அவள் எல்லாவற்றையும் எழுதினாள். பெரியப்பாவுக்கு எருமையே இருந்ததில்லை.

வெள்ளி காலை கிளம்பிக் கால்மணி ஆகவில்லை. இடப்பக்கம், மிகத் தெளிவாக, கீச் கீச்.

மரைக்கா பையை இறக்கி வைத்தாள். சுள்ளி பொறுக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, இப்ப நாங்க கிறிஸ்தவங்க" என்றான் ஆரான்.

"நேற்றும் கிறிஸ்தவர்தானே?"

நான் முதுகுக்கூடையை அவிழ்க்கிற சாக்கில் அதற்குள் முகத்தை விட்டுக்கொண்டேன்.

"சிரிக்காதடா."

"சிரிக்கலண்ணே. அரிசி எவ்வளவு இருக்குன்னு பாக்கறேன்."

"என் பேரு போகப்போகுது, நீ அரிசியப் பாக்கறே."

"உண்மையச் சொல்லிடுங்களேன்."

"இருபது வருஷமா வழிகாட்டி. பொய் சொன்னேன்னு சொல்லச் சொல்றியா? ஊருக்கு ஊர் எழுதிடுவா."

ஒரு மணி ஆயிற்று. குருவி வலப்பக்கம் வரவில்லை. எங்குமே இல்லை. ஆரான் எழுந்து, ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று வலப்பக்கப் புதருக்குள் போனான். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒரு கீச். பிறகு இரண்டு. மூன்றாவது கொஞ்சம் இருமலோடு வந்தது.

மரைக்கா விறைத்துப்போனாள். "இது சென்சிட் அல்ல" என்று கிசுகிசுத்தாள். "இந்தக் குரலை நான் எங்குமே கேட்டதில்லை." கருவியை எடுத்துக்கொண்டு தவழ்ந்து புதருக்குள் போனாள்.

எதிர்ப்பக்கமாகச் சுற்றி ஆரான் வெளியே வந்தான். "போலாமா?" என்றான்.

"அவங்க புதுப் பறவை தேடப் போயிருக்காங்க" என்றேன்.

"எந்தப் பறவைய?"

"உங்களத்தான்."

அன்றைக்கு மதியம் தாண்டியும் அவள் அந்தப் பறவையைத் தேடினாள். பிரம்பு முள்ளில் சட்டை கிழிந்தது. முழங்கை எல்லாம் அட்டை. முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அதைப் பார்க்கப் பார்க்க ஆரான் சின்னவனாகிக்கொண்டே வந்தான். கடைசியில் அவள் எதிரே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அம்மா. அது நான்தான்."

அவளுக்குப் புரியவில்லை. அவன் கத்திக் காட்டினான். இருமலையும் விடவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னான். வலப்பக்கம், இடப்பக்கம், எருமை, தூங்கிப்போன சித்தப்பா, ராபென், பலாங்.

மரைக்கா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து கருவியைத் தட்டிப் பதிந்ததைக் கேட்டாள். கீச், கீச், இருமல். மறுபடி கேட்டாள்.

"திங்கட்கிழமையே இதைச் சொல்லியிருக்கலாமே!" அவள் கத்தி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. "நான் முப்பது ஆண்டு டிராம் ஓட்டியவள். ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. எத்தனை மணிக்கு உங்கள் விருந்து?"

"மத்தியானம் பன்னெண்டு. இங்கேர்ந்து பத்து மணி நேரம்."

அவள் தொலைநோக்கிகளை மடித்துப் பையின் அடியில் போட்டு, அதன்மேல் ஈரத்துணிகளை அடைத்து, வாரை இறுக்கினாள்.

வெளிச்சம் இருக்கும்வரை நடந்து, வேட்டைக்காரர்களின் குடிசையொன்றில் படுத்து, சனிக்கிழமை விடியும்போது மறுபடி இறங்கினோம். இப்போது அவள்தான் முன்னால். ஓடை தாண்டும் மரத்தில் நாங்கள் தவழ்ந்தோம், அவள் நடந்தாள். ஓரிடத்தில் தலைக்கு மேலே இருவாச்சிகள் போயின. ஏழெட்டு இருக்கும். காடே அதிரும்படி இறக்கைச் சத்தம். அவள் கழுத்து நிமிரவில்லை.

"எத்தனை என்று சொல்லாதீர்கள்" என்றாள், நடந்துகொண்டே.

வயல் விளிம்புக்கு வந்தபோதே ஒலிபெருக்கி கேட்டது. ராபெனின் குரல். யாரோ ஒருவரின் பெயரைக் கூப்பிடுகிறான்; கூட்டம் ஓவென்கிறது. அடுத்த பெயர். ஆரான் ஓட ஆரம்பித்தான். ஐம்பது வயசு முழங்கால். வரப்பில் ஒருமுறை விழுந்தான், அதைப் பற்றி ஒரு கதையும் சொல்லவில்லை. எழுந்து ஓடினான்.

கூடத்துக்குள் நுழைந்தபோது மேடையில் புலான் மட்டும் தனியாக நின்றிருந்தாள். இடுப்பில் பேத்தி. தலையில் பாசிமணிக் குல்லாய். ராபென் தொண்டையைச் செருமி, "மாப்பிள்ளை வரல. அதனால அவருக்கு நானே..." என்று ஆரம்பித்திருந்தான். சேறு சொட்ட ஆரான் மேடை ஏறினான்.

ராபெனுக்கு முகம் விழுந்தது. ஆனாலும் ஒலிபெருக்கியை நீட்டினான். "சொல்லு மச்சான். என்ன பேரு?"

ஆரானுக்கு மூச்சுதான் வந்தது. ஹா, ஹா என்று ஊர் முழுக்க அந்த மூச்சு கேட்டது.

"ஹாஹா. இதான் பேரா?"

கூட்டம் சிரித்தது. புலான் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"பலாங்!" வந்துவிட்டது.

ராபென் அவனை மேலும் கீழும் பார்த்தான். கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "ஏம்ப்பா, இவனப் பாத்தா புலி மாதிரியா இருக்கு?"

"இல்ல!" என்றது ஊர் முழுதும்.

"வைக்கலாமா?"

எல்லோரும் தாடையைச் சொறிந்து யோசித்தார்கள். வேண்டுமென்றேதான். கதவருகே மரைக்கா பை வாரை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வைக்கலாம்!"

பிறகு வழக்கப்படி எல்லோரும் வரிசையில் வந்து கைகொடுத்தோம். ஒவ்வொருவரும் புதுப்பெயரை ஒருமுறை சொல்ல வேண்டும். பலாங், பலாங் என்று வரிசை நகர்ந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் முதல்முறை கேட்பவன் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தான். என் முறை வந்தது. இருபத்து நான்கு வருஷப் பழக்கம். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஆரான் அண்ணே..."

அவன் என் கையை விடாமல், தலையைத் திருப்பிப் பின்னால் யாரையோ தேடினான்.

"யாருடா அது?" என்றான்.