கழுகு சொன்ன வயது

நகரப் பேருந்து ஓட்டுகிற அந்தப் பெண்ணுக்குக் கழுகு என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். தெருமுனையில் ஒருவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தால் பேருந்துக்குள் இருக்கிற எவர் கண்ணுக்கும் படாது. பக்கக் கண்ணாடியில் அவளுக்குப் பட்டுவிடும். வண்டியை நிறுத்துவாள். ஏறியவர் மூச்சு வாங்கிக்கொண்டே நன்றி சொன்னால், "மருந்துக்கடையில இருந்தே ஓடி வர்றீங்க, பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்பாள். காய்ச்சல் என்று சொல்லி வேலைக்கு மட்டம் போட்ட சக ஓட்டுநர்களை மூன்று தெரு தள்ளி டீக்கடையில் கண்டுபிடித்த புகழும் அவளுக்கு உண்டு. அதனால் பணிமனையில் அவளுக்கு நண்பர்கள் கொஞ்சம் குறைவு.

கோடைக்காலத்தில் விடுமுறை நாள் வந்தால் அவளை வீட்டில் பிடிக்க முடியாது. கடற்கரைச் சரணாலயத்துக்குப் போய்விடுவாள். அங்கே கூழாங்கல் திட்டில் முட்டையிட ஆலாக்கள் கடல் தாண்டி வரும். புறாவைவிடச் சின்னது, வெள்ளை உடம்பு, கறுப்புத் தொப்பி, கத்திரி மாதிரி பிளந்த வால். பார்க்கத்தான் சாது. பக்கத்தில் போனால் தலையைக் குறிவைத்துக் கொத்தும். அதோடு நிற்காமல் மேலிருந்து எச்சமும் போடும். குஞ்சுகள் இன்னும் மோசம். கையில் எடுத்தால் தின்ற மீனை நம் மேலேயே கக்கிவிடும். ஒரு வருஷம் அப்படி ஒரு குஞ்சு கழுகின் சட்டைக் காலருக்குள் கக்கிவிட, மாற்றுச் சட்டை இல்லாமல் அப்படியே மாலை வண்டியை எடுத்தாள். பயணிகள் ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

அந்தக் குஞ்சுகளின் காலில் எண் பொறித்த உலோக வளையம் மாட்டி விடுவதுதான் அவள் சேர்ந்திருந்த குழுவின் வேலை. அது எங்கே போனது, எப்போது திரும்பியது, எத்தனை வருஷம் வாழ்ந்தது என்பதெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான் தெரியும். குழுவின் தலைவர் ஒரு பல் டாக்டர். பல் பிடுங்குகிற இடுக்கியையும் வளையம் நெருக்குகிற இடுக்கியையும் அவர் ஒரே மாதிரிதான் பிடிப்பார். பறவையிடமும், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, முடிஞ்சிருச்சு" என்றுதான் சொல்வார். மனிதர்களும் அதை நம்பியதில்லை, பறவைகளும் நம்பியதில்லை.

எண் விஷயத்தில் மட்டும் அவர் கறார். பறவையைப் பிடித்திருப்பவர் ஒருமுறை படிக்க வேண்டும், எழுதுகிறவர் ஒருமுறை படிக்க வேண்டும் என்று கொட்டகைக் கதவில் எழுதியே ஒட்டியிருந்தார். ஒரு எண்ணை மாற்றிப் படித்ததற்காக வங்கி மேலாளர் ஒருவரை வளைய மேசையிலிருந்து எழுப்பி, கூடுகளுக்குப் பக்கத்தில் அடையாளக் குச்சி அடிக்கிற வேலைக்கு அனுப்பினார். அந்த மனிதர் இன்னும் குச்சிதான் அடித்துக்கொண்டிருக்கிறார்.

கழுகின் கஷ்டம் இங்கேதான் தொடங்குகிறது. தூரத்தில் பறப்பது என்ன பறவை என்று டாக்டர் தொலைநோக்கியைத் தேடுவதற்குள் அவள் சொல்லிவிடுவாள். ஆனால் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பதெல்லாம் இரண்டு வருஷமாக மங்கலாகிக்கொண்டே வந்தது. வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டினால் ராஜாவுக்கும் வரும், ரயில்வே போர்ட்டருக்கும் வரும். தனக்கு மட்டும் வராது என்று அவள் எப்படியோ முடிவு செய்திருந்தாள். போனில் ஒரு சொல்லே திரையை அடைக்கிற அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கி வைத்தாள். ஊசியில் நூல் கோக்க வேண்டுமென்றால், "உங்களுது ராசியான கை" என்று வீட்டுக்காரரிடம் நீட்டினாள். ஓட்டலுக்குப் போனால், "நீங்க சொல்றதே எனக்கும்" என்றாள். பெயிண்ட் கடையில் வேலை பார்க்கிற அந்த அப்பாவி மனிதர், இவளுக்கு இந்த வயதில் தன்மேல் இவ்வளவு பிரியமா என்று பூரித்துப் போயிருந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவளுடைய சொந்தத் தங்கை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். வருகிறபோதெல்லாம் ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து நீட்டுவாள்.

"சும்மா போட்டுத்தான் பாரேன்க்கா."

"கண்ணாடி போட்டா என்னைக் கழுகுன்னு யாருடி கூப்பிடுவா? டாக்டருக்குத் தெரிஞ்சா அன்னைக்கே என் கையில சுத்தியலைக் குடுத்துருவாரு. நான் குச்சி அடிக்கவா இத்தனை வருஷம் கொத்து வாங்குனேன்?"

அந்தப் பயம் நியாயமானதுதான். மற்றவர்களுக்குப் பொழுதுபோக்கு, அவளுக்கு வருஷம் பூராவும் டீசல் புகையில் உட்கார்ந்திருப்பதற்குக் கிடைக்கிற கூலியே அந்த மேசைதான். உள்ளங்கையில் ஒரு குஞ்சின் நெஞ்சு படபடவென்று அடிப்பதை உணர்கிற அந்தக் கணத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. வண்டியும் எப்படியோ ஓடியது. புது வளையங்கள் வரிசை எண்ணில் வரும். ஒன்றைத் தெரிந்துகொண்டால் அடுத்ததைப் பார்க்காமலே சொல்லலாம். காலில் ஏற்கெனவே வளையத்தோடு ஒரு பறவை சிக்கும்வரை ஆபத்தில்லை.

அந்தக் கோடையில் சிக்கியது. முட்டை மேல் வைத்த கம்பிக் கூண்டுக்குள் அடைகாக்க வந்த தாய் ஆலா மாட்டிக்கொண்டது. கழுகு அதை எடுத்தாள். காலில் வளையம். கையை முழு நீளத்துக்கு நீட்டினாள், தலையைப் பின்னுக்கு இழுத்தாள், கண்ணை இடுக்கினாள். எண்கள் எறும்பு வரிசையாக ஊர்ந்தன.

"மூணு..." என்று ஆரம்பித்து மீதியையும் கஷ்டப்பட்டுச் சொல்லி முடித்தாள்.

"மூணா? மூணுல ஆரம்பிக்கிறது ரொம்பப் பழைய வரிசையாச்சே" என்றார் டாக்டர்.

"மூணுதான்."

"வளையம் புதுசு மாதிரி மினுக்குதே?"

"அந்தக் காலத்துச் சரக்கு டாக்டர். அப்படித்தான் உழைக்கும்."

கழுகே சொன்னபிறகு அப்பீல் ஏது? டாக்டர் எழுதிக்கொண்டார். பறவை விடுதலையாகிப் போகிற போக்கில் இருவர் தலையிலும் ஆளுக்கொரு கொத்து கொத்தியது.

கொட்டகைக்கு வந்து பழைய பதிவைப் புரட்டிய டாக்டர் நாற்காலியிலிருந்து துள்ளினார். அந்த எண் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே திட்டில் ஒரு குஞ்சுக்கு மாட்டியது. இந்தக் கடற்கரையில் இவ்வளவு வயதான ஆலாவை யாரும் பார்த்ததில்லை. வாசலில் "இன்று தென்பட்டவை" என்று சாக்பீஸால் எழுதுகிற பலகையில் அன்றுமுதல் முதல் வரி மாறவே இல்லை: மூதாட்டி நலம்.

செய்தி ஊருக்குள் பரவியது. எல்லோரையும்விட அதிகமாகக் குதித்தது ஓய்வூதியர் சங்கம்தான். "இத்தனை வயசுல கடலைத் தாண்டி வந்து முட்டையும் போட்டிருக்கு, நீங்க மாடிக்குப் போய்த் துணி எடுக்க மாட்டேங்கறீங்க" என்று பல வீடுகளில் சண்டை நடந்தது. ஒரு பெரியவர் கைத்தடியைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டு நடைக்குக் கிளம்பினார். மறுநாள் பேசாமல் எடுத்துக்கொண்டார். சங்கத் தலைவர் முன்பு டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். பறவையைக் கௌரவ உறுப்பினராகச் சேர்ப்பது என்று தீர்மானம் போட்டு, உறுப்பினர்கள் நேரில் தரிசிக்கத் தனிப் பேருந்தும் ஏற்பாடு செய்தார். அந்தப் பேருந்தை ஓட்டப்போவது யார் என்று சொல்லவேண்டியதில்லை.

கழுகுக்குத் தலைகால் புரியவில்லை. கண்டுபிடித்தது அவளல்லவா? சில சமயம் அந்த மினுக்கல் மட்டும் நெஞ்சில் முள்ளாக இடறும். குளித்திருக்கும், அதனால் மினுக்கியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

விழா நாளில் வெயில் சுள்ளென்று அடித்தது. பறவைகள் மிரளாமல் உட்கார்ந்து பார்ப்பதற்கான மரக்குடிலில் பெரியவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, மூதாட்டியைப் பார்க்க ஆலாய்ப் பறந்தார்கள். தங்கையும் வந்திருந்தாள். டாக்டர் மூலையில் உட்கார்ந்து, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பவேண்டிய அறிக்கையைக் கவருக்குள் நுழைத்துக்கொண்டிருந்தார். டெலஸ்கோப்பைக் கூட்டுக்கு நேராகத் திருப்பி வைக்கிற பொறுப்பு கழுகுடையது. அவள் கண்ணை வைத்தாள்.

தாய் எழுந்து முட்டைகளை அலகால் புரட்டிவிட்டது. பிறகு சாவகாசமாக ஒரு காலைத் தூக்கித் தலையைச் சொறிந்தது. வளையம் வெயிலில் பளிச்சென்று திரும்பியது. டெலஸ்கோப்புக்குக் கிட்டம் ஏது, தூரம் ஏது! முதல் எண் தட்டில் வைத்த மாதிரி தெரிந்தது. எட்டு.

மறுபடியும் பார்த்தாள். அந்தப் புண்ணியவதியும் விட்ட இடத்திலிருந்து மறுபடியும் சொறிந்தது. எட்டேதான். இரண்டு வட்டமும் முழுசாக மூடியிருந்தன.

வேறு யாரும் பார்க்கவில்லை. பேசாமல் இருந்தால் பெயர் நிற்கும், மேசை நிற்கும், இத்தனை பெரியவர்களின் சந்தோஷமும் நிற்கும். வாயைத் திறந்தால் சுத்தியல். பேசாமல்தான் இருக்கப் போனாள். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. இது எட்டு என்றால், அந்த எட்டாம் வரிசைக் குஞ்சு போனது போனதுதான், திரும்பவே இல்லை என்றல்லவா பதிவில் கிடக்கும்? கடல் தாண்டிப் போய், பிழைத்து, பிறந்த இடத்தைத் தேடி வந்து கூடும் வைத்த ஒரு ஜீவன், எதிரே உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறது. தன் வீம்புக்காக அதை இல்லாமல் ஆக்குவதா? அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டர் கவரின் ஓரத்தை நாக்கால் ஈரப்படுத்தப் போனார்.

"டாக்டர், கவரை ஒட்டாதீங்க."

எல்லோரும் திரும்பினார்கள்.

"அது மூணு இல்ல. எட்டு. இப்பத்தான் பாத்தேன்."

"அன்னைக்குக் கையிலயே வச்சுப் பாத்தீங்களேம்மா?"

"கையில வச்சா எனக்குத் தெரியாது டாக்டர். தூரத்துல இருந்தாத்தான் தெரியும். ரெண்டு வருஷமாவே அப்படித்தான்."

தங்கை மட்டும் பக்கென்று சிரித்துவிட்டாள்.

"உன் வயசைக் குறைச்சுக்காட்டப் போயி, பறவைக்கு வயசைக் கூட்டிட்டியேக்கா!"

டாக்டர் சிரிக்கவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த பதிவுக் கட்டைப் பிரித்து எட்டாம் வரிசையில் விரலை ஓட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

"மூணு கோடைக்கு முன்னாடி. இதே திட்டு. குஞ்சு. வளையம் மாட்டுனது நீங்கதான்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் குறிப்பையும் படித்தார்: "மாட்டியவர் காலருக்குள் மீனைக் கக்கியது."

கழுகு அழுதுகொண்டே சிரித்தாள். அந்தக் கழுதையா! ஜன்னல் ஜன்னலாகத் திறந்து ஊரையே நாற அடித்துக்கொண்டு தான் வண்டி ஓட்டினது இதற்காகத்தானா! அவள் கைக்குள் படபடத்தது இப்போது அங்கே சொந்த முட்டை மேல் உட்கார்ந்திருந்தது. எத்தனை பேருந்தை எத்தனை நிறுத்தத்தில் நிறுத்தி எத்தனை பேரை ஏற்றியிருக்கிறாள். திரும்பி வந்து ஒருத்தர் இறங்கியதில் இவ்வளவு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை.

சங்கத் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"அப்ப இது கிழவி இல்ல?"

"இல்லீங்க. இதுதான் முதல் தடவையா முட்டை போடுதுன்னு நினைக்கிறேன்" என்றார் டாக்டர்.

"அப்ப சங்கத்துல இடம் கிடையாது. இன்னும் சர்வீஸ்ல இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார் தலைவர். உடனே கூட்டத்தைப் பார்த்துக் கையமர்த்தினார். "தலைப்பிரசவமாம். எல்லாரும் சத்தம் போடாம வாங்கய்யா."

அதற்குப் பிறகு பெரியவர்கள் நுனிக்காலில்தான் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கைத்தடிகள்கூட மெதுவாகத் தட்டின.

"குச்சி அடிக்கப் போங்க" என்றார் டாக்டர் கழுகிடம். அவள் தலையாட்டினாள். "கண்ணாடி வர்ற வரைக்கும். நானும் வர்றேன். ரெண்டு பேர் படிக்கணும்னு எழுதி ஒட்டுனவனே நான்தான். உங்க கண்ணை நம்பி நான் பாக்கவே இல்ல." இரண்டு பேருக்கும் சுத்தியல் எடுத்துக் கொடுத்த வங்கி மேலாளரின் முகத்தில் அன்று இருந்த பொலிவு, பதவி உயர்வு வந்தபோதுகூட இருந்திருக்காது.

தங்கை பையிலிருந்து கண்ணாடியை எடுத்தாள். கழுகு வாங்கி மாட்டிக்கொண்டு முதலில் பார்த்தது தங்கையின் முகத்தைத்தான்.

"என்னடி இது, உனக்கு இவ்வளவு நரையா?"

"அது வந்து ரெண்டு வருஷமாச்சு. நீதான் இப்ப பாக்குற."

முட்டைகள் பொரிந்து குஞ்சுக்கு வளையம் மாட்டுகிற நாளில் மேசையில் பழையபடி அவள் இடத்தில் அவள் உட்கார்ந்தாள். உள்ளங்கையில் மணல் நிறக் குஞ்சு. கண்ணாடிக்குள் அதன் நகம் தெரிந்தது, அலகு நுனியில் முட்டை உடைத்த வெள்ளைப் புள்ளி தெரிந்தது. இத்தனை நாள் இதையெல்லாம் பார்க்காமலா பிடித்துக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. இடுக்கியால் வளையத்தை நெருக்கினாள். தலைக்கு மேலே தாய் கத்திக்கொண்டு சுற்றியது. தன் வயதை ஊரெல்லாம் கூட்டிச் சொன்னது இவள்தான் என்று அதற்கு யார் சொன்னார்களோ, குறி பார்த்து இறங்கி, புதுக் கண்ணாடியின் இரண்டு பக்கமும் சேர்த்து எச்சம் போட்டுவிட்டுப் போனது.

"நம்பர் சொல்லுங்க" என்றார் டாக்டர், பேனாவோடு.

வரிசைப்படி அடுத்த எண் என்ன என்று அவளுக்குத் தெரியும்.

"இருங்க டாக்டர்" என்றாள். "துடைச்சுட்டு, பாத்துச் சொல்றேன்."