திரையில் வராத குழந்தை

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு ஷார்ஜா முவைலாவிலிருந்து புறப்பட்டோம். துபாய்த் திரையரங்கு இருபது கிலோமீட்டர்தான். நெரிசலில் ஒரு மணி நேரம் ஆயிற்று. டிக்கெட் ஐம்பது திர்ஹாம். காரை ஓட்டியவர் ஆன்றோ, ஏசி டெக்னீஷியன். டூட்டியை மாற்றிவைத்துவிட்டு வந்த அவர் மனைவி ஜெனிட்டா, நர்ஸ். இருவருக்கும் குளச்சல். நான் நாகர்கோவிலிலிருந்து போன விருந்தாளி.

படம் ஸ்லோவாக்கியாவில் எடுத்தது, விருதுகள் வாங்கியது. திருவனந்தபுரத்தில் ஒரு திரைப்பட விழாவில் ஏற்கெனவே பார்த்திருந்தேன். இவர்களை இழுத்துக்கொண்டு போனதற்குக் காரணம் உண்டு. போன வருஷம் இவர்களுக்கு ஆண் குழந்தை இறந்தே பிறந்தது. ஞானஸ்நானம் பெறாமல் போன பிள்ளை என்று பெயர் வைக்காமலே புதைத்தார்கள். அதன்பின் இருவரும் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. படத்தில் ஒரு தாய், உயிரில்லாமல் பிறந்த மகனை வெற்று மார்பில் அணைத்துக்கொண்டு பெயர் வைப்பாள். அதை ஜெனிட்டா பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

அந்தக் காட்சி வரவே இல்லை. வலியெடுத்தவள் ஆஸ்பத்திரிக்குள் போனாள். அடுத்த நொடி வீட்டு அடுப்படியில் நின்று அழுதாள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியே சுவரொட்டியில் விருதுகள் வரிசையாக இருந்தன. இங்குள்ள தணிக்கை அந்தக் காட்சியை வெட்டியதைப் பற்றி ஒரு வரி இல்லை.

"படம் எடுக்கத் தெரியாதவனுக்கெல்லாம் அவார்டு குடுத்திருக்கானுவ," என்றார் ஆன்றோ.

"அவ எதுக்குக்கா அழுதா?" என்று கேட்டாள் ஜெனிட்டா.

வெட்டியவர் கண்ணுக்குத் தாயின் மார்பு தெரிந்திருக்கிறது, அதில் கிடந்த பிள்ளை தெரியவில்லை. பழியோ எடுத்தவன் தலையில். இதற்குப் படத்தை மொத்தமாகத் தடுத்திருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும்.

திரும்பும் வழியிலும் கார் ஊர்ந்தது. வெட்டிய காட்சியை நான் வாயால் சொன்னேன். நர்ஸ் துணியில் சுற்றிக் கொடுத்தது, தாய் துணியை விலக்கி விரல்களைத் தடவியது, காதருகே பெயரைச் சொன்னது எல்லாம்.

"எனக்கும் காட்டினாவ. பாக்கமாட்டேன்னுட்டேன்," என்றாள் ஜெனிட்டா. "சேவியர்னு வைக்கணும்னு இருந்தேன்."

ஆன்றோ சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும். தூக்கத்துல அந்தப் பேரச் சொல்லி விளிச்சிருக்க."

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று விமான நிலைய வாசலில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு ஆன்றோ கேட்டார்: "அக்கா, லீவுல வரும்போ அந்தப் படத்த நம்ம நாட்டுல முழுசா பாக்க முடியுமா? ரெண்டு பேரும் பாக்கணும்."

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். நான் பார்த்தது விழாவில், அங்கே தணிக்கை கிடையாது. தியேட்டருக்கு வந்தால் நம் ஊர்க் கத்தரியும் லேசுப்பட்டதல்ல.