முதல் இடம் பிடித்த ஸ்டேஷன்

கேரள எல்லையிலுள்ள எங்கள் ஊரிலிருந்து தம்பி தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனவன். வண்டி பொள்ளாச்சியில் அநாதையாக நின்றது; அவனைக் காணவில்லை. சொந்தக்காரர் வீடுகளிலெல்லாம் தேடி அலுத்த பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன்.

சம்பந்தி வீட்டில்கூட அப்படி ஓர் உபசாரம் கிடைக்காது. அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, சர்க்கரை வியாதி என்று கேட்டறிந்து இனிப்பில்லாத டீ கொடுத்தார்கள். எனக்கு அப்போதே எரிச்சலாக இருந்தது. டீயா கேட்டு வந்தோம்?

புகாரை, எங்கள் பக்கத்துப் பேச்சில் பராதியை, வாங்கிப் படித்த ரைட்டர் மலையாளம் கலந்த தமிழில் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"ஆளைக் காணலைன்னு கேஸ் போட்டா, கெடைக்கற வரைக்கும் பெண்டிங்லயே நிக்கும். இப்ப எல்லா ஸ்டேஷனுக்கும் மார்க் போடறாங்க, கேட்டோ. பெண்டிங் கூடினா நாங்க பின்னாடி போயிடுவோம். இது வெறும் பராதியா இருக்கட்டும். தேடாம விட மாட்டோம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கையை அழுத்தினாள். "அவிங்க சொல்றபடியே ஆகட்டும் கண்ணு."

சில நாள் கழித்து, ஸ்டேஷனில் எப்படி நடத்தினார்கள் என்று விசாரிக்க மாவட்ட ஆபீஸிலிருந்து அம்மாவின் போனுக்கு அழைப்பு வந்தது.

"ஒரு கொறையும் இல்லீங்க. உக்கார வெச்சு டீ குடுத்தாங்க. தங்கமானவிங்க. பரம திருப்திங்க."

போனை வைத்ததும் கத்தினேன். அம்மா அசரவில்லை.

"கொறை சொன்னா அப்பறம் எவன்டா தேடுவான்? நாலு நல்ல வார்த்தை சொன்னாத்தான அவிங்களுக்கும் மனசு எறங்கும்?"

எங்கள் பக்கத்துப் பழக்கம் அது. கரண்ட் ஆபீஸோ வில்லேஜ் ஆபீஸோ, முதலில் மனதாரப் புகழ்ந்துவிட்டுத்தான் வந்த காரியத்தையே எடுப்போம். புகழ்ந்த வாயைப் பார்த்து யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள் என்றொரு நம்பிக்கை.

அடுத்த முறை நான் மட்டும் போனேன். ரைட்டர் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தார். எங்கள் பராதி தீர்ந்துபோயிருந்தது.

"ஆளே கெடைக்கல, எப்படிங்க தீர்ந்துச்சு?"

"பராதிக்காரங்க திருப்தின்னு சொல்லியிருக்காங்களே. அதோட அது குளோஸ் ஆயிடும்." அவர் கெட்டவர் இல்லை. என் முகத்தைப் பார்க்க அவருக்கே கஷ்டமாகத்தான் இருந்தது. இனி பொள்ளாச்சியில் கேட்டுப் பாருங்கள் என்றார். பொள்ளாச்சியில் கேட்டால், கேரளாக்காரரைக் கேரளாவில்தான் தேட வேண்டும் என்றார்கள். இரண்டு பக்கமும் அலைந்து எனக்கு வெறுத்துப்போயிற்று. தம்பியை இனி யாரும் தேடப் போவதில்லை.

போன மாதம் எங்கள் ஸ்டேஷனுக்கு மாவட்டத்தில் முதல் இடம் கிடைத்தது. வாசலில் பந்தல் போட்டு, போவோர் வருவோருக்கெல்லாம் லட்டு கொடுத்தார்களாம். கடைக்குப் போன அம்மா ஒன்றை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். தம்பி போனதற்குப் பிறகு அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"ஜில்லாவுக்கே நம்ம ஸ்டேஷன்தான் மொதலாமாடா! அத்தன கெட்டிக்காரங்க எம்பட பையனக் கண்டுபுடிக்காமயா போயிருவாங்க?"

பராதியை முடித்துவிட்டார்கள் என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.