அறுகிற வரைக்கும் நல்லாத்தான் இருக்கும்

கார் பட்டறைக்கு வரும் எல்லாக் கோளாறுக்கும் ஒரு சத்தமோ, புகையோ, நாற்றமோ உண்டு. டைமிங் பெல்ட்டுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. பிரேக் தேய்ந்தால் கிரீச்சிடும். பேட்டரி போனால் காலையில் முனகும். கிளட்ச் கருகினால் தெருமுனை வரை வாடை வரும். இந்த பெல்ட் மட்டும் அறுகிற நிமிஷம் வரை சமர்த்தாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இன்ஜினில் மேலே வால்வுகள், கீழே பிஸ்டன்கள். இரண்டும் ஒரே தாளத்தில் ஏறி இறங்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை. அது அறுந்தால் தாளம் தப்பி, பல வண்டிகளில் பிஸ்டன் போய் வால்வில் முட்டும், வால்வு வளையும். மாற்றாமல் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு அங்கே போய்விடும். அதனால்தான் வண்டி செய்கிறவர்களே, இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள்.

அதை எடுத்துச் சொல்வதுதான் என் வேலை. திருச்சி கே.கே. நகர்ப் பக்கம் ஒரு பட்டறையில் நான் சர்வீஸ் அட்வைசர். வண்டிக்கு அடியில் படுப்பவர் ஆரோக்கியம் அண்ணன். அவர் பார்த்து என்னிடம் சொல்வார், நான் வண்டிக்காரரிடம் சொல்வேன், திட்டு எனக்கு வரும். பழைய கார் ஒன்றை வைத்துக்கொண்டு, இந்தத் தடவை மாற்றலாமா, அடுத்த சர்வீஸுக்குப் பார்த்துக்கலாமா என்று தலையைச் சொறிந்துகொண்டிருக்கும் அன்பர்களே, உங்களைப் போல் நிறையப் பேரை நான் பார்த்துவிட்டேன். சிலரைச் சொல்கிறேன்.

அப்படியே இருக்கிறதுக்குத்தான்

தில்லைநகரிலிருந்து ஒரு வங்கி அதிகாரி வருவார். ஒவ்வொரு சர்வீஸுக்கும் நான் பெல்ட் என்று வாயைத் திறப்பேன், அவர் மணியைப் பார்ப்பார். ஒரு வழியாக ஒரு தடவை சம்மதித்தார். சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர், ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பி வந்தார்.

"பிக்கப் அப்படியேதானே இருக்கு?" என்றார். ஆமாம் சார் என்றேன். "மைலேஜ்?" அதுவும் அப்படியேதான் என்றேன். "அப்புறம் எதுக்கு மாத்தினோம்?" அப்படியே இருக்கிறதுக்குத்தான் சார் என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை. கழற்றின பெல்ட்டைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, இழுத்துப் பார்த்து, மடக்கிப் பார்த்து, "இதுக்கு என்ன குறைச்சல்?" என்று செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போனார்.

அடுத்த சர்வீஸுக்கு வந்தபோது முகத்தில் அப்படி ஒரு வெற்றிக்களை. வண்டிச் சாவியைக் கொடுப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார். "மேடம், எங்க வீட்டு கேட்டுல கொண்டி உடைஞ்சு போச்சு. நீங்க அறுந்துடும் அறுந்துடும்னு பயமுறுத்தினீங்களே, அந்த பெல்ட்டைத்தான் கட்டியிருக்கேன். இன்னிக்கு வரைக்கும் அறுகலை!"

கைலாசபுரத்து சார்

தானாக வந்து பெல்ட்டை மாற்றச் சொன்ன முதல் மனிதர் அவர்தான். கைலாசபுரத்தில் இருக்கும் பெரிய ஆலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களிடம் புதிதாக வந்தார். டவுனில் அதுவரை போய்க்கொண்டிருந்த பட்டறையை மூடிவிட்டார்களாம். "டைமிங் பெல்ட் மாத்துற நேரம் வந்திருச்சும்மா. நீங்க சொல்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாதுன்னு நானே கொண்டுவந்துட்டேன்" என்றார். எனக்கு அவரை நாற்காலியில் உட்காரவைத்து டீ வாங்கித் தரலாம் போலிருந்தது. வாங்கியும் தந்தேன்.

டீ பாதி குடிப்பதற்குள் ஆரோக்கியம் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "இந்த இன்ஜின்ல பெல்ட்டே கிடையாதும்மா. செயின். சத்தம் வந்தாத்தான் அதைத் தொடணும். இதுல ஒரு சத்தமும் இல்லை" என்றார்.

எனக்குச் சந்தோஷம்தான். தொழிலில் நல்ல செய்தி சொல்லும் வாய்ப்பு அடிக்கடி வராது. ஓடிப்போய், "சார், உங்க வண்டியில டைமிங் பெல்ட்டே இல்லை. செயின்தான். ஒரு செலவும் இல்லை, ஆயில் மட்டும் மாத்திட்டுப் போங்க" என்றேன். சார் டீ டம்ளரைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். மாட்டிக்கொண்டார். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டார்: "அப்போ அந்தப் பட்டறையில ரெண்டு தடவை எதைம்மா மாத்தினாங்க?"

வண்டி மேல சத்தியம்

ஸ்டெல்லா டீச்சர் முதல் முதலாகக் கார் வாங்கினார், பழைய கார். விற்கிறவர் உறையூர்க்காரர். வாங்குவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்று வண்டியோடு அவரையும் எங்கள் பட்டறைக்கே கூட்டிவந்துவிட்டார் டீச்சர். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பெல்ட்டைப் பற்றிக் கேட்டதற்கு, "போன வருஷம்தான் மாத்தினேன்" என்றார் உறையூர்க்காரர். ஆரோக்கியம் அண்ணன் மூடியைக் கழற்றிக் காட்டினார். ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து, பற்களின் அடியில் வெடிப்பு விட்டிருந்தது. ஒரு வருஷத்து பெல்ட் அப்படி இருக்காது.

உறையூர்க்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன பொய்யா சொல்றேன்? இந்த வண்டி மேல சத்தியமா சொல்றேன், மாத்தியாச்சு!" என்று பானெட்டில் ஓங்கி அடித்தார். பட்டறையே திரும்பிப் பார்த்தது. கடைசியில் அவர் செலவிலேயே புது பெல்ட் போட்டுக் கொடுத்த பிறகுதான் வண்டி கைமாறியது. அதற்கு நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. வீட்டுப்பாடம் எழுதாத பையனிடம் பேசுகிற குரலில் டீச்சர் சொன்னது மட்டும்தான்: "விக்கப்போற வண்டி மேல சத்தியம் பண்றீங்களே சார், வீட்டுலயே வெச்சுக்கப்போறது ஏதாவது இருந்தா அது மேல பண்ணுங்களேன்."

கடலை பிடுங்கட்டும்

மருங்காபுரியிலிருந்து பழனியாண்டி அண்ணன் பிரேக் பார்க்க வந்திருந்தார். மானாவாரி நிலம், கடலை போட்டிருந்தார். கூட அவர் மனைவி செல்லம்மாள். பழைய டீசல் கார். பிரேக்கைப் பார்க்கப் போன ஆரோக்கியம் அண்ணன், உள்ளே ஆயிலைத் தடுத்து நிற்கும் ஒரு சீல் கசிந்து டைமிங் பெல்ட் மேல் ஆயில் இறங்கியிருப்பதைக் கண்டுபிடித்தார். ஆயில் பட்ட ரப்பர் ஊறிப்போகும். வருஷக் கணக்கெல்லாம் அதற்குச் செல்லாது. "வண்டியை இங்கேயே விட்டுட்டுப் போங்கண்ணே, ரெண்டு நாள்ல தந்திடறோம்" என்றேன்.

"கடலை பிடுங்கட்டும்மா, அப்புறம் செஞ்சுக்கலாம். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுது" என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த செல்லம்மாள் அக்கா, "அறுந்தா என்னம்மா ஆகும்?" என்று என்னிடம் கேட்டார். போகிற வண்டி அப்படியே அணைந்துவிடும் என்றேன். "அப்ப போட்டுடுங்களேன்" என்று புருஷனைப் பார்த்தார். "உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும், நீ சும்மா இரு" என்றார் அவர். கிளம்பிவிட்டார்கள்.

கடலை பிடுங்குவதற்கு முன்னால் மகளுக்கு வளைகாப்பு வந்துவிட்டது. மகளைக் கொடுத்திருப்பது மண்ணச்சநல்லூரில். தூக்குப் பாத்திரங்களில் கலந்த சாதம், தாம்பாளங்கள், பெட்டி நிறைய வளையல், அக்காவும் அக்காவின் தங்கையும் என்று வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு மதுரை ரோட்டில் வந்திருக்கிறார்கள். விராலிமலை தாண்டியதும் இன்ஜின் பொசுக்கென்று நின்றுவிட்டது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பின்னால் ஒரு லாரி ஹார்னை விடாமல் அடித்துக்கொண்டு வந்திருக்கிறது. எப்படியோ மல்லுக்கட்டி ஓரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது பெரிய விஷயம்.

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. தக்காளி ஏற்றிவந்த ஒரு மினி லாரிக்காரர் நிறுத்தி, பெண்கள் இரண்டு பேரையும் சாதத்தையும் வளையலையும் ஏற்றிக்கொண்டார். வண்டியை அநாதையாக விட்டுப் போக முடியாமல் பழனியாண்டி அண்ணன் வெயிலில் நின்றுவிட்டார். வளைகாப்பு அவர் இல்லாமலேயே நடந்தது. அப்பா எங்கே என்று மகள் கண் கலங்கினாளாம். யாரோ அவருக்குப் போன் போட்டு, அவள் கையைக் குலுக்கச் சொல்லி வளையல் சத்தத்தைக் கேட்கவைத்தார்களாம். லாரிகள் போகிற சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று அவரே என்னிடம் சொன்னார்.

வண்டியை எங்களிடம்தான் இழுத்து வந்தார்கள். எல்லா வால்வும் வளைந்திருந்தது. வேலை முடிந்து இருவரும் எடுத்துப்போக வந்த அன்று, அறுந்த பெல்ட்டை மேஜைமேல் வைத்திருந்தேன். அண்ணன் அதைப் பார்க்கவேயில்லை. செல்லம்மாள் அக்கா எடுத்துப் பார்த்தார். என்னிடம் சொல்வதுபோல் அண்ணனுக்குக் கேட்கும்படி சொன்னார்: "ஆடிக்கு ஆடி தாலிக்கயித்தை மாத்துறோம்மா. அறுந்த பிறகா மாத்துறோம்?"

ரஃபீக் பாய் கணக்கு

பாலக்கரை ரஃபீக் பாய் விமான நிலையத்துக்கு வாடகைக் கார் ஓட்டுகிறார். அவர் ஒருவரிடம்தான் நான் நேர்மாறாகப் பேச வேண்டியிருக்கும். "இன்னும் ஓடும் பாய், இப்பவே மாத்த வேண்டாம்" என்பேன். "மாத்திடும்மா" என்பார். ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

முன்னொரு காலத்தில் பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளை ஒருவனை, முதல் தடவையாக வெளிநாட்டு வேலைக்குப் போகிறவனை, அவன் அம்மாவோடு ஏற்றிக்கொண்டு வந்தாராம். செங்கிப்பட்டிக்கிட்டே பெல்ட் அறுந்துவிட்டது. பாயே பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடி, கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தி, மூவரும் போய்ச் சேர்ந்தபோது கவுண்டரை மூடியிருந்தார்கள். வேறு டிக்கெட் கிடைத்து அவன் பிற்பாடு போய்விட்டான், வேலையும் கைவிட்டுப் போகவில்லை. ஆனால் அன்று அந்த அம்மா திட்டியிருந்தால் மறந்திருப்பேன் என்றார் பாய். விமான நிலைய வாசலில் உட்கார்ந்து, மகனுக்குக் கட்டிவந்த இட்லியைப் பிரித்து, "நீங்களும் சாப்பிடலையே" என்று முதலில் இவரிடம் நீட்டினாராம். சொல்லிவிட்டு பாய் வண்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார். பிறகு சொன்னார்: "எல்லாம் அல்லாஹ் கையிலதான்மா இருக்கு. பெல்ட்டை மட்டும் என் கையில கொடுத்திருக்கான்."

அஞ்சு வருஷம்

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி மாமாவின் கார் கோயிலைவிட அதிக நேரம் நடை சாத்தியே இருக்கும். டாக்டர் வீடு, அம்மா மண்டபம், எப்போதாவது ரயிலடி. அவ்வளவுதான் ஓட்டம். பெல்ட் போட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. "ஓடவே இல்லையேம்மா, அதுக்குள்ள என்ன?" என்றார். ரப்பர் சும்மா இருந்தாலும் வயசாகும் மாமா என்றேன். "என்னைச் சொல்றயா, பெல்ட்டைச் சொல்றயா?" என்று சிரித்தார். பக்கத்தில் மாமி உட்கார்ந்திருந்தார்.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையைக் கேட்டுக்கொள்கிறேன் என்று போன் போட்டார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார். எனக்கும் கேட்டது. "அந்த வண்டிக்கு இனிமே ஒண்ணும் செய்யாதேப்பா, வித்துடு. போன மாசம் கூட கேட்டுல இடிச்சே. வேணும்னா கால் டாக்ஸி கூப்பிட்டுக்கோ." பிள்ளை சொன்னதில் தப்பில்லை. கேட்டில் இடித்த பெயின்ட் கதவில் அப்படியே இருந்தது. மாமா "சரிப்பா, சரிப்பா" என்று போனை வைத்தார்.

மாமா என் பக்கம் திரும்பினார். "புதுசு போட்டா எத்தனை வருஷம் வரும்?" என்று கேட்டார். அஞ்சு வருஷம் தாராளமாக வரும் மாமா என்றேன். விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "அஞ்சு வருஷம் எனக்கு எதுக்கு? ரெண்டு வருஷத்துக்கு வர மாதிரி ஒண்ணு இருந்தா பாரேன்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார்.

மாமி எழுந்து வந்து, மாமா கையிலிருந்த சாவியை வாங்கி என் மேஜையில் வைத்தார். "அஞ்சு வருஷத்துக்கே போடும்மா. இவரால முடியலேன்னா நான் கத்துண்டு ஓட்டறேன்."

இத்தனை வருஷத்தில், நேரத்துக்கு பெல்ட் மாற்றிக்கொண்டு போன ஒருவர்கூடத் திரும்பி வந்து எனக்கு நன்றி சொன்னதில்லை, ஏனென்றால் அவர்களுக்குத்தான் ஒன்றுமே நடக்கவில்லையே!