ஒரு ரிங் போதும்

இருளாண்டிக்குப் போனில் பேசுவதே பிடிக்காது. பேசுகிறவனுக்கு ரீலோட் போட்ட காசு போகும், கேட்கிறவனுக்கு நேரம் போகும், கடைசியில் விஷயம் என்னவென்று பார்த்தால் ‘வா’ என்ற ஒற்றைச் சொல்தான். அந்த ஒரு சொல்லுக்கு எதற்கு இத்தனை வளவளப்பு? ஒரு ரிங் அடித்து வெட்டிவிட்டால் போதாதா? யட்டவத்த ஆட்டோ பார்க்கில் தலை நரைக்கும்வரை வண்டி ஓட்டிய அந்த மனிதரின் தொழிலே இந்த ரிங் கட்டில்தான் நடந்தது.

தோட்டத்தின் மேல் பிரிவை அங்கே மேக்கணக்கு என்பார்கள். தார் ரோடு ஒரு மதகோடு முடிந்துவிடும். அதற்கு மேல் கல் ரோடு. மற்ற ஆட்டோக்காரர்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள். இருளாண்டி மட்டும் ஏறுவார். மேக்கணக்கு ஜனங்கள் மதகுக்கு இறங்கி வந்து, சிக்னல் கிடைத்ததும் அவருக்கு ஒரு ரிங் கட் கொடுப்பார்கள். ஒரு ரிங் என்றால் ஆள் காத்திருக்கிறது. இரண்டு என்றால் சுகமில்லாத ஆள், சுருக்காக வா. இதற்குப் பள்ளிக்கூடம் வைத்து யாரும் பாடம் நடத்தவில்லை. தானாகவே ஊருக்குள் வந்த பழக்கம்.

இன்னொரு பழக்கமும் அவரிடம் இருந்தது. யார் பெயரையும் போனில் பதிந்து வைக்கமாட்டார். நம்பரின் வாலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். “பேரு எழுதி வைக்க நான் என்ன தபால் கந்தோரா? மண்டைக்குள்ள இருக்கையில போனுக்குள்ள எதுக்கு?” என்று நியாயம் வேறு பேசுவார். பெற்ற மகள் பிரவீனாவின் நம்பரைக்கூட அவர் பதியவில்லை. அந்த மண்டைக் கனம்தான் பின்னால் அவர் காலை வாரிவிட்டது.

பட்டன் போன் வைத்திருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. தீபாவளிக்கு மகளும் மருமகன் இந்திரகுமாரும் சேர்ந்து ஒரு டச் போனைக் கொண்டுவந்து கையில் வைத்தார்கள். இந்திரகுமாருக்குக் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. “மாமா, இனிமே இதுதான்” என்று சிம்மைக் கழற்றி மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். மகள் ஆசையாகக் கொடுத்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சனியன் அன்றைக்கே ஏறி உட்கார்ந்தது.

குலுக்கினால் டோர்ச் எரியுமாம். என்ன அறிவு பாருங்கள்! கல் ரோட்டில் ஓடுகிற மனிதனின் பைக்குள் இருக்கிற போன் குலுங்காமல் வேறு என்ன செய்யும்? பட்டப்பகலில் நெஞ்சு பளீரென்று எரிய, இருளாண்டி மேக்கணக்கில் போய் இறங்குவார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். விரல் ரேகையை வைத்தால் திறக்கும் என்றார்கள். கிரீஸும் பெற்றோலும் ஊறிய விரலை அது எந்த ஜென்மத்திலும் ஒத்துக்கொள்ளவில்லை. பார்க்கில் இருந்த இளவட்டம் ஜெயகாந்த் மட்டும் அதைப் பார்த்து வாயில் ஜொள் விட்டான்.

“மாமா, இந்தப் போனுக்கு புது அப்டேட் வருதாம். சூப்பரா இருக்குமாம்.”

“பழைய அப்டேட்டே என் உசிர வாங்குது. போடா அங்கிட்டு.”

அவர் போடா என்று சொன்னால் அப்டேட் போய்விடுமா? ஒருநாள் காலையில் ஆங்கிலத்தில் என்னவோ நீளமாக எழுதி, அடியில் நீலமாக ஒரு ஓகேயை வைத்துக்கொண்டு வந்து நின்றது. பலாபத்வலைக்குச் சவாரி போக ஒரு ஹயர் காத்திருந்த அவசரத்தில் இருளாண்டி அதை அமுக்கிவிட்டார். அமுக்காமல் விட்டால் போனும் விடமாட்டேன் என்கிறது, வேறென்ன செய்வார் அந்த மனிதர்?

அப்டேட் வருவதற்குச் சில வாரம் முன்பே பிரவீனாவுக்கு மாதம் நெருங்கியிருந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதுதானே முறை? அவர் மனைவி கிருஷ்ணம்மா பழைய சேலைகளைத் துவைத்துக் காயவைத்துத் தயாராக இருந்தாள். ஆனால் மேக்கணக்கில் பிரவீனாவின் மாமியார் அழகம்மா வழுக்கி விழுந்து, காலில் கட்டோடு கிடந்தாள். மாமியாரை லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டில், தனியே விட்டுவிட்டு வரமாட்டேன் என்று மகள் ஒரே பிடியாக நின்றுவிட்டாள். குணத்தில் அப்பனை உரித்து வைத்திருந்தாள்.

“சரிம்மா, இங்கயே இரு. வலி வந்தா ஒரு ரிங் போதும். பேசிக்கிட்டு நிக்காத. மதகுக்கு வந்து ஒரு ரிங் குடு, நான் வந்து நிப்பேன்” என்றார் இருளாண்டி.

அழகம்மா படுக்கையிலிருந்தே கேட்டாள்: “அந்நேரம் ஹயர்ல இருந்தா என்னங்க சம்பந்தி பண்ணுவீங்க?”

“ஏறுன ஆள எறக்கி விட்டுட்டு வருவேன். என் புள்ளயவிட எனக்கு ஹயரா பெருசு?”

அன்றிலிருந்து பிரவீனா பொழுது சாயும் நேரம் மதகுவரை நடந்து வந்து ஒரு ரிங் கட் கொடுப்பாள். அந்த நேரத்து ரிங்குக்கு நல்லா இருக்கேன் என்று அர்த்தம்; வேறு நேரத்தில் வந்தால் வலி. இருளாண்டி அந்த வாலைப் பார்த்துவிட்டு, தன் பங்குக்கு ஒன்றை அடித்து வெட்டுவார். அப்பனும் மகளும் பேசிக்கொண்ட பேச்சு அவ்வளவுதான். அவருக்கு அதிலேயே மனசு நிறைந்துவிடும்.

அப்டேட் வந்த பிறகு அந்தச் சாயங்கால ரிங் நின்றுபோனது.

ஹயரும் குறைந்தது. மேக்கணக்கு ஆட்கள் மதகில் நின்று நின்று பார்த்துவிட்டு நடந்தே இறங்கினார்கள். சந்தையில் ஒரு கிழவர் எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டார்: “என்ன இருளாண்டி, பெரிய போன் வந்ததும் பெரிய மனுசனாயிட்டியோ? ரிங் குடுத்தா வரமாட்டேங்குறியே?” இருளாண்டிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ரிங் வராமலேயே வந்தது என்கிறானே, என்ன அநியாயம் இது!

“மழைக்கு டவர் படுத்திருச்சு” என்று தானே ஒரு முடிவுக்கு வந்தார். கிருஷ்ணம்மா நச்சரித்ததால் மகளுக்கு ஒரு தடவை முழுசாக அடித்தும் பார்த்தார். லயத்துக்குள் சிக்னல் கிடையாது. ஆளை எட்ட முடியவில்லை என்று சிங்களத்தில் ஒரு பெண் சொன்னாள். பார்த்தியா, டவர்தான் என்று மனைவியிடம் ஜெயித்த மாதிரி சொன்னார். “ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன்” என்றாள் அவள். நாளைக்குப் போகிறேன் என்றார்.

அந்த மறுநாள் மத்தியானம் நல்ல மழை. ஹயர் இல்லை. மழை விட்டதும் மேலே போகலாம் என்று பார்க் பக்கத்துக் கடையில் பிளேன்டீயை வைத்துக்கொண்டு, போனை மேசைமேல் கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன் ஊமையாகக் கிடந்தது. தோட்டத்து டிராக்டர் ஒன்று, பெட்டியைப் படங்குத் தார்ப்பாயால் மூடிக்கொண்டு, அவசரமாக இறங்கி வந்து, நின்ற ஆட்டோமேல் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது. “கண்ணு பொட்டையாடா?” என்று எழுந்து நின்று கத்தினார்.

ஒரு மணி நேரம் கழித்துப் போன் அடித்தது. ரிங் கட் இல்லை, முழுசாக அடித்தது. கொழும்பிலிருந்து இந்திரகுமார்.

“மாமா, ஆம்பளப் புள்ள. ஆம்புலன்ஸ்லயே பொறந்திருச்சாம். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, மாத்தள ஆஸ்பத்திரியில இருக்காங்க.” பிறகு குரல் இறங்கியது. “நீங்க எங்க மாமா இருந்தீங்க?”

நடந்தது இதுதான். வலி எடுத்ததும் பிரவீனா பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு மதகுக்கு வந்திருக்கிறாள். ஒரு ரிங் கொடுத்திருக்கிறாள். தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி கீழே போக வந்தது. டிரைவர் முன் சீட்டைக் காலி பண்ணி, ஏறும்மா என்றிருக்கிறார். “இல்லண்ணே, அப்பா வந்துகிட்டு இருக்காரு” என்று அனுப்பிவிட்டாள். மறுபடி ரிங். முழுசாகவும் அடித்துப் பார்த்தாள். லைன் பிஸி என்று விழுந்தது. சரி, ஹயரில் இருப்பார், இறக்கிவிட்டு வந்துவிடுவார் என்று மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு மதகுக் கட்டையில் உட்கார்ந்திருக்கிறாள். உட்கார முடியாமல் போனபோதுதான் உரம் ஏற்றிய டிராக்டர் வந்தது. உர மூட்டைமேல் படுக்கவைத்து, படங்கால் மூடி, பக்கத்து வீட்டுப் பெண் போன் பண்ணி மெயின் ரோட்டுக்கு வரவழைத்த ஆம்புலன்ஸ்வரை கொண்டுபோனார்கள். இருளாண்டி எழுந்து நின்று திட்டியது அந்த டிராக்டரைத்தான்.

அதைக் கேட்டதும் பிளேன்டீக்குக் காசுகூடக் கொடுக்காமல் வண்டியை எடுத்தார். நேராக மாத்தளைக்கு விட்டார். வார்டில் மகள் சோர்ந்து கிடந்தாள். பேரன் கொழுகொழுவென்று இருந்தான். “சாப்ட்டீங்களாப்பா?” என்று மட்டும் கேட்டாள். “போன் அடிக்கவே இல்லம்மா, என்னமோ...” என்று அவர் ஆரம்பிக்கவும், பார்க்க வந்தவர்கள் வெளியே போகவேண்டிய மணி அடித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் ஹாஷிமின் போன் கடைக்குள் புயலாக நுழைந்து, போனை மேசையில் அறைந்தார். ஹாஷிம் பதறாத பையன். உள்ளே போய் எதையெதையோ தட்டிப் பார்த்தான். தன் போனிலிருந்து ஒரு ரிங் கொடுத்து வெட்டினான். அடித்தது. மறுபடி வெட்டினான். மறுபடி அடித்தது. இன்னும் சிலமுறை அதையே செய்தான். பிறகு ஒரு ரிங் கொடுத்தான். இருளாண்டியின் போன் செத்த பாம்பாகக் கிடந்தது.

“வெளங்கிச்சா அண்ணே? இது அப்டேட்டோட வந்த புது பீச்சர். பேரு பதியாத நம்பர்லருந்து அடிக்கடி ரிங் குடுத்து வெட்டுனா, ஏமாத்துக்காரன்னு நெனச்சி போனே தடுத்துரும். ஒங்களுக்கு சத்தமும் கேக்காது. எல்லாரும் இத நல்ல பீச்சர்னு சொல்றாங்களே! தொல்லையே இல்லன்னு.”

“தொல்லையா?” இருளாண்டியின் குரல் உடைந்தது. “என் மக தம்பி அது. தெனமும் நல்லா இருக்கேன்னு சொன்ன புள்ள. அது தொல்லையா?”

ஹாஷிம் போனைத் திரும்பக் கையில் எடுத்தான். அந்தக் கருமத்தை நிறுத்திக் கொடுத்தான். பிறகு, மனசு கேட்காமல், “கம்பனிக்கு ஒங்க கருத்த அனுப்பலாம் அண்ணே. அஞ்சு ஸ்டார் இருக்கு. எத்தன குடுக்குறீங்க?” என்றான்.

“ஒன்னும் குடுக்கக் கூடாது.”

“கொறஞ்சது ஒன்னு குடுத்தாத்தான் போகும் அண்ணே.”

“ஏன், குடுக்காதவன் கருத்து கருத்தில்லையா?” என்று கத்தினார். ஆனாலும் ஒன்றை அமுக்கச் சொல்லி, போனில் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, அது எழுதிக்கொண்டது. என் மகள் மழையில் உட்கார்ந்திருந்தாள் என்று சொன்னார். உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி, நன்றி என்று உடனே பதில் வந்தது. ஹாஷிம் அதை வாசித்துக் காட்டியிருக்க வேண்டாம்.

மகளை வீட்டுக்கு விடும் நாள் காலையிலேயே வண்டியைக் கழுவி, பின் சீட்டில் மெத்தையைப் போட்டு, ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றார். என்ன சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் பேசிப் பார்த்திருந்தார். மத்தியானத்துக்குக் கிட்ட பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு பிரவீனா வந்தாள். பக்கத்தில், ஆஸ்பத்திரியிலேயே துணைக்கு இருந்த கிருஷ்ணம்மா, பின்னால் பையோடு இந்திரகுமார். அவர்கள் முன்னால் வேறொரு ஆட்டோ வந்து நின்றது. இந்திரகுமார் போனைப் பார்த்து வண்டி நம்பரைச் சரிபார்த்தான்.

இருளாண்டி ஓடினார். “என்னம்மா இது? அப்பா வண்டி இந்தா நிக்குதே?”

“நீங்க வருவீங்களான்னு தெரியலப்பா. அதான் இவரு ஆப்ல போட்டாரு.”

பேசிப் பார்த்து வைத்ததெல்லாம் மறந்துபோய், கொட்டித் தீர்த்தார். அப்டேட், ஓகே, தடுப்பு, ஹாஷிம் என்று முன்னுக்குப் பின்னாக எல்லாவற்றையும் சொன்னார். “சாமி சத்தியமா போன்தாம்மா. நான் பார்க்லயேதான் இருந்தேன். சும்மாதான் இருந்தேன். அப்பன நம்பும்மா.”

பிரவீனாவின் கண் கலங்கியது. அவளுக்குக் கோபம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. கோபித்துத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

“நம்புறேன்ப்பா,” என்றாள். “அன்னைக்கும் நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன். அதனாலதான் லொறியில ஏறல.”

இருளாண்டி ஒதுங்கி வழிவிட்டார். பிரவீனா பிள்ளையை அணைத்துக்கொண்டு அந்த ஆட்டோவில் ஏறினாள். கிருஷ்ணம்மா இரண்டு வண்டிக்கும் நடுவில் ஒரு நிமிடம் நின்று புருஷனைப் பார்த்தாள். பிறகு மகள் பக்கத்திலேயே ஏறிக்கொண்டாள்.

இருளாண்டி தன் வண்டியிலிருந்து மெத்தையை எடுத்துக்கொண்டு வந்து மகளின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். டிரைவரிடம் குனிந்து, “தம்பி, மதகு தாண்டினா கல்லு ரோடு. எடப்பக்கமாப் புடிச்சி மெதுவாப் போங்க. பச்சப் புள்ள இருக்கு” என்றார். அந்த வண்டி கிளம்பியது. காலி வண்டியை எடுத்துக்கொண்டு அவர் அதன் பின்னாலேயே மேக்கணக்குவரை போனார்.