தீவன அறையில் பதிந்த பாட்டு

மழையில் நனைந்த முட்டை அட்டையின் வாசம் இன்று கடை வாசலில் மூக்கிலேறியதும், புதுச்சத்திரம் பக்கம் எங்கள் கோழிப்பண்ணை இருந்த காலத்துத் தீவன அறைக்கு நினைவில் போய்விட்டேன். அங்கே இப்போது வீட்டுமனைக் கற்கள்தான் நிற்கின்றன. எதிரொலிக்கக் கூடாதென்று சுவரெங்கும் பழைய முட்டை அட்டைகளை ஆணியடித்து, பெரியப்பா மகன் குமரேசண்ணன் அந்த அறையை எங்கள் ராப் குழுவுக்கு ஸ்டுடியோவாக்கியிருந்தான். குழு என்றால் அவனும் நானும்தான். மக்காச்சோளமும் கருவாட்டுத்தூளும் புழுங்கும் சூட்டில் ஃபேனையும் நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்க செல்போனுக்கு முன்னால் கத்துவோம்; எத்தனை அட்டை அடித்தாலும் கோழிகளின் கொக்கரிப்பு எப்படியோ உள்ளே வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் எங்களைக் கண்டால் மூக்கைப் பொத்தியவர்களுக்கு அண்ணன் எழுதிய பதில்தான் நாங்கள் அங்கே பதிந்த பாட்டு. மெமரி கார்டுகளில் ஏற்றி முட்டை லாரி டிரைவர்களிடம் கொடுத்தோம். அதுதான் எங்கள் வெளியீடு.

பாட்டின் நடுவே எனக்கு மூச்சு வாங்கும். "உடாத அம்மணி, சத்தமாப் பாடு" என்று அண்ணன் என்னிடம் சொன்னதுகூட அதிலேயே பதிவாகிவிட்டது. அதை அழிக்க வேண்டாமென்றான்.

வெளிமாநிலத்தில் வேலைக்குப் போன இடத்தில் போர்வெல் ரிக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து அண்ணனுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. பழகிய குரல்களைக் கேட்டால் ஞாபகம் வரலாம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். இன்று முட்டை வாங்காமல் கடையிலிருந்து நேரே அவன் வீட்டுக்குப் போய்ப் பாட்டைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டான். விரல்கள் தொடையில் பிசகாமல் தாளம் போட்டன. முடிந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நல்லாருக்குதுங்க. பாடற அம்மணி யாருங்க?"